துருக்கித் தொப்பியும் கட்டத் துண்டும்

துறையூர் ஜவுளிக் கடைகளில் ‘அரபுத் துண்டு’ என்று கேட்டால், கறுப்புவெள்ளைக் கட்டமிட்ட துணியை எடுத்துக் காட்டுவார்கள். கல்லூரி மாணவர்கள், சமய வேறுபாடின்றி, மோட்டார் சைக்கிளில் செல்லும்போது அதை முகத்தில் சுற்றிக்கொள்கிறார்கள். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. வெயிலுக்கும் புழுதிக்கும் உதவும் துணி அது. பெருநாள் தொழுகைக்கு அதைத் தோளில் இட்டு வரும் நம் இளைஞர்கள் அதனை ஓர் இஸ்லாமிய உடையென்று நம்புவதே ஆராயத்தக்கது.

கூஃபிய்யா எனப்படும் இத்துண்டு பாலஸ்தீன உழவர்களின் தலைத்துணி. நகரத்தாரோ, முஸ்லிமாயினும் கிறிஸ்தவராயினும், சிவந்த துருக்கித் தொப்பியே அணிந்தனர். பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1936-39 கிளர்ச்சியில், கிராமப் போராளிகள் நகருக்குள் நுழைந்தவுடனே கூஃபிய்யாவைக் கொண்டு படையினர் அவர்களை இனங்கண்டனர். ஆதலால் நகரத்தாரும் தொப்பியைக் களைந்து கூஃபிய்யா அணியவேண்டுமெனக் கிளர்ச்சியாளர் 1938இல் கட்டளையிட்டனர். இரு சமயத்தார் தலையிலும் ஒரே துணி. போராளி யார், கடைக்காரர் யார் என்பது தெரியாமற் போயிற்று. பிடிபட்டால் தூக்குமேடைக்குச் செல்லவிருந்த ஒருவனை மறைப்பதற்காகவே அத்துணி அரசியல் பொருள் பெற்றது. அதை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக்குவது, அன்று உடன் நின்ற கிறிஸ்தவரை வரலாற்றிலிருந்து அகற்றுவதாகும்.

அங்கே களையப்பட்ட தொப்பியோடு நம் முன்னோர்க்கும் உறவுண்டு. கிலாஃபத் இயக்கத்தின் பொருட்டு 1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா சௌகத் அலியும் திருச்சிக்கு வந்த காலத்தில், துருக்கித் தொப்பி உஸ்மானியக் கலீஃபாவுக்கான ஆதரவின் அறிகுறி. ஆனால் 1829இல் அதை அரசு ஊழியர்க்கு விதித்த சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் நோக்கம், தலைப்பாகை காட்டிக்கொடுத்த சமய, பதவி வேறுபாடுகளை மறைப்பது! 1924 மார்ச்சில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. 1925 நவம்பரில் துருக்கி அத்தொப்பியையும் சட்டத்தால் விலக்கியது. ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்து முன்னரே நூல் எழுதியிருந்த அறிஞர் இஸ்கிலிப்லி ஆத்திஃப் 1926 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். நம் ஊர்களிலோ துருக்கித் தொப்பி மணமகனின் அலங்காரமாக அதன் பின்னும் நீடித்தது. அதன் பெயரால் அங்கே ஓர் ஆலிம் உயிரிழந்ததை மணப்பந்தலில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

வணிகர்கள் பொருளை மறைத்து விற்பது வேறொரு வகை. அமெரிக்காவின் ‘அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ்’ நிறுவனம் கூஃபிய்யாவைப் ‘போர் எதிர்ப்புத் துண்டு’ என்று பெயரிட்டு விற்று, எதிர்ப்பு எழுந்ததும் 2007இல் விலக்கிக்கொண்டது. எந்தப் போர், யாருடைய நிலம் என்பவை அப்பெயரில் இல்லை. இதற்கு மாறாக, கனடாவின் ஒன்டாரியோ சட்டமன்றம் 2024இல் கூஃபிய்யாவை அரசியல் உடையென்றே கூறித் தடைசெய்தது; அணிந்து வந்த உறுப்பினரை அவையிலிருந்து வெளியேறுமாறு சபாநாயகர் பணித்தார். அவர் செய்தது அநீதியெனினும், துணியின் பொருளை அவர் பிழையாகப் படிக்கவில்லை.

நம் ஜும்ஆ மேடைகளில் பாலஸ்தீனத்துக்காகத் துஆ கேட்கப்படுகிறது. 1938 அரிதாகவே பேசப்படுகிறது. வளைகுடாவிலிருந்து வரும் சிவப்புக் கட்டத் துண்டையும் கறுப்புக் கட்டத்தையும் நாம் ஒன்றாகவே கருதுகிறோம். பாலஸ்தீன அரசியலில் சிவப்பு, மார்க்சிய அமைப்பினரோடு சேர்த்து எண்ணப்பட்ட நிறம்.

ஹெப்ரோன் நகரில் யாசிர் ஹிர்பாவி 1961இல் நிறுவிய நெசவாலை இன்றும் கூஃபிய்யா நெய்கிறது. 1990களில் ஒஸ்லோ உடன்படிக்கைக்குப் பின் மலிவான சீனத் துண்டுகள் பெருகியதால் அதன் தறிகளில் பெரும்பாலானவை நின்றுபோயின. 2023க்குப் பின் உலகெங்கும் எழுந்த தேவையால் அவற்றுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. துறையூரில் விற்கும் துண்டு எங்கே நெய்யப்பட்டது என்பதை இதுவரை எவரும் கடைக்காரரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.