சதுரங்க நிரல்களும் அளவுருச் சீரமைப்பும்

சதுரங்க நிரல் எந்த நகர்வை எவ்வளவு ஆழமாக ஆராய வேண்டும், எதை ஆராயாமலே கைவிடலாம் என்பதை அதன் விதிகளோடு அவ்விதிகளில் பொதிந்துள்ள எண்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அளவுருக்கள் எனப்படும் இவ்வெண்களை மாற்றி ஆட்டவலிமையைக் கூட்டும் பணியே சீரமைப்பு. குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது எனக் கிளாட் ஷானனின் கட்டுரை 1950இல் மதிப்பிட்டபோது மனிதரின் ஆட்ட அறிவையே நம்பியிருந்த இப்பணி, இன்று பெரும்பாலும் புள்ளியியலின் வசம் சென்றுவிட்டது.

இம்மாற்றத்தின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்காக 2013 முதல் இயங்கிவரும் ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில், தன்னார்வலர்களின் கணினிகள் பழைய வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் மோதவிட, முடிவு தெளிவாகும் வரை மட்டுமே ஆட்டங்களை நீட்டிக்கும் தொடர்சோதனை முறை திருத்தத்தை ஏற்கவோ தள்ளவோ செய்கிறது. அங்கு வழங்கும் எஸ்.பி.எஸ்.ஏ. முறையோ, பல அளவுருக்களை ஒரே வேளையில் தற்செயலாகக் கூட்டியும் குறைத்தும் இரு எதிரெதிர் வடிவங்களை உருவாக்கி, வென்ற வடிவத்தின் திசையில் எல்லாவற்றையும் சிறிதளவு நகர்த்துவதால், அளவுருக்கள் பெருகினாலும் ஒவ்வொரு படிக்குமான சோதனைச் செலவு பெருகுவதில்லை.

ஆனால் தனியொருவர் தம் கணினியில் அமைப்புகளை மாற்றிச் சில ஆட்டங்களை ஓடவிட்டு, நிரல் வலுப்பெற்றதாக முடிவுசெய்யும் வழக்கமே மிகவும் கவலைக்குரியது. பத்து எலோ புள்ளிகள், அதாவது தரவரிசை அளவீட்டில் பத்துப் புள்ளி மேன்மை, எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்ணை ஐம்பது விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 51.4 விழுக்காடாக மட்டுமே உயர்த்துகிறது. பாதி ஆட்டங்கள் சமனில் முடிவதாகக் கொண்டால், நூறு ஆட்டங்களின் முடிவில் இருபுறமும் ஐம்பது எலோ அளவுக்கும், ஆயிரம் ஆட்டங்களின் முடிவில் பதினைந்து எலோ அளவுக்கும் தற்செயலே விளையாட இடமிருக்கிறது. பல அமைப்புகளை முயன்று அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பவர், பல வேளைகளில் நல்வாய்ப்புப் பெற்ற அமைப்பையே தேர்ந்தெடுக்கிறார்.

பல்லாயிரம் ஆட்டங்களால் இக்குறை நீங்கினாலும் வேறொன்று எஞ்சுகிறது. பத்து நொடி அடிப்படை நேரம் கொண்ட ஆட்டங்களில் சீரமைக்கப்பட்ட எண்கள் நெடுநேர ஆட்டத்துக்கும் பொருந்தும் என்ற உறுதி இல்லை. ஃபிஷ்டெஸ்ட் அறுபது நொடி ஆட்டங்களில் மறுசோதனை செய்வது இதனாலேயே. தன் முந்தைய வடிவத்தோடு மட்டும் மோதி ஈட்டிய மேன்மை பிற நிரல்களுக்கு எதிரே சுருங்கிவிடக்கூடும். சமனைத் தவிர்க்கத் தூண்டும் அளவுருவும் இத்தகையதே: வலுக்குறைந்த எதிரியிடம் அது வெற்றிகளைக் கூட்டலாம், சமவலிமை கொண்டவரிடம் அதே துணிவு இழப்பாக முடியலாம்.

இவற்றினும் அடிப்படையானது வேறொரு வரம்பு: சீரமைப்பு இருக்கும் கட்டமைப்புக்குள்தான் தேடுகிறது. ஆண்டுக்கணக்கில் செதுக்கப்பட்ட மதிப்பீட்டு எண்களின் இடத்தை, 2018இல் யூ நாசு ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக வகுத்த நரம்புவலை முறை 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12இல் கைப்பற்றத் தொடங்கியது. 2024இல் வெளிவந்த பதிப்பில் பழைய மதிப்பீடு நிரலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. எந்தச் சீரமைப்பும் அந்தப் பாய்ச்சலைத் தந்திருக்க இயலாது. தேடலின் எண்களைப் பொறுத்தவரை சீரமைப்பு இன்றும் இன்றியமையாத கருவியே. ஆயினும் புதிய ஆட்டங்களிலும், நீண்ட நேர அளவிலும், வேறு நிரல்களுக்கு எதிராகவும் உறுதிப்படாத திருத்தம் எதையும் முன்னேற்றமாகக் கொள்வதற்கில்லை.