கோல்டன் மைல்: வடிவும் வாழ்வும்

கட்டடத்தின் சிறப்பு முகப்பழகில் மட்டும் அடங்குவதன்று. மக்களுக்கு அது இடமளிக்கும் முறையிலும் உண்டு. இவ்வளவுகோலால் சிங்கப்பூர் பீச் ரோட்டில் 1973இல் நிறைவெய்திய கோல்டன் மைல் காம்ப்ளெக்சை ஆராய்வோம்.

டிசைன் பார்ட்னர்ஷிப் குழுவினரான வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் ஆகியோர் கடைகள், அலுவலகங்கள், வீடுகள் மூன்றையும் 16 மாடிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தனர். கடல்நோக்கிய பக்கம் மலைச்சரிவின் படிக்கட்டு வயல்போல் பின்வாங்கி உயர்கிறது. ஆதலின் மேல்வீடுகளுக்குக் காற்றும் ஒளியும் தடையின்றிக் கிட்டின. இஃது அழகுக்காக அமைந்த படியன்று. பயன் கருதிய படி.

பிற்காலத்தில் உரிமையாளர் பலர் தத்தம் மாடங்களைத் தகரத்தாலும் கண்ணாடியாலும் அடைத்தனர். தோற்றம் சிதைந்தது, 2006இல் நாடாளுமன்றத்திலும் இகழப்பட்டது. அக்குற்றம் பேணாதாரைச் சாருமேயன்றி வரைந்தாரைச் சாராது.

2021இல் அரசு இதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது நன்றே. ஆனால், 2022இல் 700 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டு, 2023 மே மாதம் மூடப்பட்டபோது, அங்கே நெடுங்காலம் கடை நடத்திய தாய்லாந்து வணிகர் வெளியேறினர். சட்டம் வடிவைக் காத்தது, வாழ்வைக் காக்கவில்லை. புதுப்பிக்கும் கட்டடத்தில் எளிய கடைக்காரர்க்கும் இடமிருத்தல் வேண்டும். இல்லையேல் எஞ்சுவது கூடு மட்டுமே.