நோனிப் பாட்டிலும் ஹார்பின் பாஷாணமும்

பழுத்த நோனியைக் கையில் எடுத்தவருக்கு அதன் வாடை லேசில் மறக்காது. உருளைக்கிழங்கு அளவு, வெளிறிய மஞ்சள், தோலெங்கும் கண் கண்ணாகப் புள்ளிகள். நன்றாகக் கனிந்துவிட்டால் விரல் பட்டாலே குழையும்; அழுகிய பழமும் காறிப்போன வெண்ணெயும் கலந்த நாற்றம் அடிக்கும். அந்தமான் நிக்கோபார் கரையோரங்களில் யாரும் நடாமலே முளைக்கிற மரம் இது. உப்புக்காற்றையும் உவர்மண்ணையும் தாங்கும். நிக்கோபார் மக்கள் நெடுங்காலமாக அதைத் தின்கிறார்கள், மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்து கெட்ட நிலங்களுக்கு ஏற்ற பயிர் என்று போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகங்களில் ஒன்றுக்குச் ‘சஞ்சீவினி’ என்று பெயரும் வைத்தது. உழவுக்கு அது நல்ல வேலைதான். பெயர் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

தீவிலும் சென்னையிலும் நோனிச் சாறு தேடி வருகிறவர்களில் பலர் புற்றுநோய் வீட்டுக்காரர்கள். புற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே அந்தச் சேதி லேபிளில் இருக்காது, விற்பவர் வாயில் இருக்கும். “மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி ஒரு மூணு மாசம் நோனி குடுத்துப் பாக்கலாமாண்ணே?” என்று தீவுத் தமிழர் கேட்பது இந்தப் பேச்சை நம்பித்தான். விற்பனைப் பேச்சில் சீனாவும் தவறாமல் வரும்: ஆயிரம் ஆண்டுச் சீன மருத்துவத்தில் இந்த மரம் இருக்கிறதாம். சீனர்கள் ‘பாஜிதியான்’ என்று பயன்படுத்துவது இதே பேரினத்தின் வேறொரு செடியின் வேரை. நோனிப் பழத்துக்கும் அதற்கும் உறவு உண்டு, ஆனால் ஒன்றுக்கான சான்றிதழை மற்றதன் கழுத்தில் மாட்ட முடியாது.

சீன மருத்துவமா ஆங்கில மருத்துவமா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் கைதட்டல் கிடைக்கும், நோயாளிக்கு ஒன்றும் கிடைக்காது. நான் வைக்கும் உரைகல் வேறு: ஒரு மருந்தை நம்பச் சொல்பவர்கள், அதில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்கத் துணிந்தார்களா? இந்த ஒரு கேள்விக்கு நோனி சொல்லும் பதிலையும், சீனாவின் ஹார்பின் நகரம் சொன்ன பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நோனி. அதன் ஆதரவாளர்கள் காட்டும் ஆய்வுகள் பொய்யல்ல. 1993இல் ஜப்பானியர் குழுவொன்று நோனியில் இருந்து டாம்னகாந்தால் என்ற பொருளைப் பிரித்து, அது புற்றாக மாறிய செல்களை இயல்புக்குத் திருப்பும் தன்மை உடையது என்று எழுதியது. ஆனால் அவர்கள் எடுத்தது வேரிலிருந்து. பாட்டிலில் இருப்பது பழச்சாறு. 1994இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில், நுரையீரல் புற்று ஏற்றப்பட்ட எலிகளுக்குச் சாறு கொடுத்தபோது அவை கூடுதல் நாள் உயிரோடிருந்தன. அங்கே சாறு வாய்வழி போகவில்லை, ஊசியில் வயிற்றுக்குள் போனது. குடித்த சாறு இரைப்பையையும் கல்லீரலையும் தாண்டி அதே வடிவில் கட்டியை எட்டும் என்பதற்கு இந்த எலிகள் சாட்சியாகா. ‘ஸெரோனின்’ என்றொரு பொருள் நோனிக்குள் இருப்பதாக ரால்ஃப் ஹெய்னிக்கி 1985இல் எழுதியதை வைத்தே பெரிய வியாபாரம் எழுந்தது. அந்தப் பொருளை இன்றுவரை எவரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. 1998இல் அமெரிக்காவின் 4 மாநிலங்கள் தலையிட்டு, நோனி விற்ற முதன்மை நிறுவனத்தின் நோய்தீர்க்கும் உரிமைகோரல்களை நிறுத்த வைத்தன.

மனிதரிடம் முறையாகச் செய்த சோதனை ஒன்று உண்டு. முற்றிய புற்றுள்ளவர்களுக்கு உலர்த்திப் பொடித்த நோனிப் பழத்தை மாத்திரையாக அளவு கூட்டிக் கூட்டிக் கொடுத்து, ஹவாயில் பிரையன் இஸ்ஸெல் குழு நடத்தியது. முடிவு 2009இல் வந்தது. கட்டி சுருங்கவில்லை. சில அளவுகளில் அசதியும் வலியின் தொல்லையும் குறைந்ததாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழு இல்லாத முதற்கட்டச் சோதனை என்பதால், அந்தக் குறைவை மருந்தின் கணக்கில் எழுதுவதா, கவனிப்பு கிடைத்த நிம்மதியின் கணக்கில் எழுதுவதா என்று சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சோதனைக்கு நோனி போயிருக்க வேண்டும். போகாமல் கடைக்குப் போனது.

இனி ஹார்பின். வடகிழக்குச் சீனாவில் நாட்டு வைத்தியர் ஒருவர் புற்றுக்குப் பூசிவந்த களிம்பு பற்றிய சேதி 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தது. அதில் மூன்று சரக்கு: வெள்ளைப் பாஷாணம் (ஆர்செனிக்), பாதரசக் கலவை, தேரையின் நஞ்சு. மருந்தாளர் ஹான் தாய்யுன் அதை ஊசிமருந்தாக மாற்றினார். மருத்துவர் சாங் திங்தோங் அதை ரத்தப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் இருந்தது. ரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது, தேரை நஞ்சு ரத்த அழுத்தத்தை ஏற்றியது. மரபை மதிப்பவர் சாதாரணமாக இந்த இடத்தில் நிற்பார்: முன்னோர் மூன்று சரக்கு சேர்த்தார்கள் என்றால் காரணமில்லாமலா சேர்த்திருப்பார்கள், ஒன்று மற்றொன்றின் விஷத்தை முறிக்கும் என்பார். சாங் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தேரையும் ரசமும் போன பிறகும் மருந்து வேலை செய்தது. பாஷாணம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பின், எல்லா ரத்தப் புற்றிலும் அல்ல, ஏ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வகையில்தான் அது அடிக்கிறது என்பதும் தெளிந்தது. சரக்கையும் குறைத்தார்கள், நோயின் பட்டியலையும் குறைத்தார்கள். எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் என்பதற்கு நேர் எதிர்த் திசை இது.

1998இல் அமெரிக்காவில், ஏ.பி.எல். திரும்பி வந்த 12 பேருக்கு இந்தப் பாஷாணத்தைக் கொடுத்ததில் 11 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. 2000இல் அங்கே அனுமதி கிடைத்தது. 2013இல் லோ-கோகோ குழுவின் சோதனை, ஆபத்துக் குறைந்த ஏ.பி.எல். நோயாளிகளிடம், வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஏ.டி.ஆர்.ஏ. மருந்தோடு பாஷாணம் சேர்த்த பிரிவையும், அதே மருந்தோடு கீமோதெரபி சேர்த்த பிரிவையும் நேருக்கு நேர் நிறுத்தியது. 2 ஆண்டு கழித்து நோய் திரும்பாமல், வேறு கேடும் இல்லாமல் இருந்தவர்கள் முதற்பிரிவில் 97 சதவீதம், இரண்டாவதில் 86 சதவீதம். மேற்கத்திய கீமோவை நாட்டுக் களிம்பின் வாரிசு தோற்கடித்தது; தோற்றதை அறிவித்ததும் மேற்கத்திய இதழ்தான்.

தமிழ் வாசகர் இங்கே கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. வெள்ளைப் பாஷாணமும் தாளகமும் மனோசிலையும் நம் சித்த மருத்துவத்தின் ஆர்செனிக் சரக்குகள். ஐரோப்பாவும் 1786 முதல் ஃபௌலர் கரைசல் என்ற பெயரில் ஆர்செனிக்கைக் குடிக்கக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் ரத்தப் புற்றுக்கும் கொடுத்தது. மூன்று மரபின் அலமாரியிலும் அதே நஞ்சு இருந்தது. எந்த நோய்க்கு, எவ்வளவு, வேறு எது வேண்டாம் என்று கேட்டவர்கள் கையில்தான் அது மருந்தானது. தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு கிறித்தவ மருத்துவமனை. வேலூர் சி.எம்.சி.யில் விக்ரம் மேத்யூஸ் குழு, புதிதாக ஏ.பி.எல். கண்ட 72 பேருக்கு ஆர்செனிக்கை மட்டும் தனி மருந்தாகக் கொடுத்து 2006இல் முடிவை எழுதியது; 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. அவர்கள் அந்த வழியில் போனதற்குக் காரணம் மரபுப் பற்று இல்லை. வழக்கமான கூட்டுச் சிகிச்சையின் செலவை நம் நோயாளிகளில் பெரும்பாலோர் தாங்க மாட்டார்கள் என்பதுதான்.

மூலிகை என்றால் கெடுதல் வராது என்ற நம்பிக்கைக்கும் சீன மருத்துவமே பதில் வைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளியில் வந்தது. பின்பு 39 பேருக்குச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிப் பார்த்ததில் 18 பேரிடம் புற்று இருந்தது. காரணம் அரிஸ்டோலோக்கியா இனச் செடியின் அமிலம். தைவான் 2003இல் அந்த மூலிகைகளைத் தடை செய்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இதே இனம்.

மேற்கத்திய மருத்துவத்தையும் இதே உரைகல்லில் தேய்த்தாக வேண்டும். 2009 முதல் 2013 வரை ஐரோப்பா அனுமதித்த புற்று மருந்துகளை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, அனுமதிகளில் 57 சதவீதம், உயிர் நீளும் என்றோ வாழ்வு மேம்படும் என்றோ சான்று இல்லாமல் சந்தைக்கு வந்தவை என்று காட்டியது. கட்டி சில மில்லிமீட்டர் சுருங்கியதை வைத்து லட்சக்கணக்கில் விலை சொல்வதும் ஒருவகை நோனி வியாபாரம்தான். ஆனால் அந்தக் குற்றச்சாட்டை எழுப்பியது அதே மருத்துவத்தின் ஆட்கள், அதே முறையால். நோனிக்காரர்கள் தங்கள் பாட்டிலைப் பற்றி இப்படியொரு கட்டுரை எழுதி நான் பார்த்ததில்லை.

சீன மருத்துவத்தின் அக்குபங்சருக்கும் ஒரு வரி. மார்பகப் புற்று மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கு 226 பெண்களிடம் நடந்த 2018 சோதனையில், உண்மை ஊசி போலி ஊசியைவிடப் பத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி வலியைக் குறைத்தது. கொஞ்சம் உதவும், கட்டியைத் தொடாது.

இனி அந்த மூன்று மாதம். அமெரிக்கப் பதிவேட்டில், குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற ஒத்த நிலையினரோடு ஒப்பிட்ட 2018 ஆய்வில், முதற்குழுவின் மரண வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்தரை மடங்குக்கு மேல். இது சீட்டுப்போட்டுப் பிரித்த சோதனையல்ல, பதிவேட்டு ஒப்பீடு; அந்தக் குறையைக் கழித்தாலும் இடைவெளி பெரியது. தீவில் இதன் பொருள் இன்னும் கடுமை. சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். கேம்ப்பெல் பே, கச்சால் போன்ற இடங்களிலிருந்து போர்ட் பிளேர் வருவதற்கே தனிப் பயணம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் வாரக்கணக்கில் வாடகை அறை, கூட ஒரு ஆள், இங்கே போகும் கூலி. நோனியோ கொல்லையில் இருக்கிறது. ஆகையால் அதை நாடுகிறவரை அறியாதவர் என்று திட்டுவது நியாயமில்லை. தூரம் அவருக்காக முடிவெடுத்துவிடுகிறது. ஆங்கில மருத்துவத்தின் மீது தீவுக்காரர் வைக்கும் குற்றச்சாட்டில் சரியானது இது ஒன்றே: மருந்து தப்பில்லை, மருந்து இங்கே வரவில்லை.

தீர்ப்பைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புற்றைக் கொல்லும் வேலையில் சீன மரபும் நவீன மருத்துவமும் சமம் என்பதற்கு ஆதாரம் இல்லை. சீன மரபு புற்று மருத்துவத்துக்குத் தந்த உறுதியான கொடைகளில் தலையாயது ஆர்செனிக். அதுவும் மரபின் கூட்டை உடைத்த பிறகுதான் கிடைத்தது. நோனி இன்னும் உடைக்கப்படாத கூடு. வேரில் உள்ள டாம்னகாந்தாலைத் தொடர்ந்து ஆராயலாம். அந்தமானில் மரம் இருக்கிறது, ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. அதுவரை பழச்சாறு ஒரு பழச்சாறு. அறுவை, கதிர்வீச்சு, கீமோ எதையும் அதற்காக ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சையோடு சேர்த்துக் குடிக்கலாமா என்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் மெல்லும் தீவுகளில் வாய், தொண்டைப் புற்று அச்சம் எப்போதும் உண்டு. அதற்குக் கதிர்வீச்சோடு பெரும்பாலும் தருவது சிஸ்பிளாட்டின். சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து. நோனிச் சாற்றில் ஆரஞ்சு, தக்காளிச் சாறு அளவுக்குப் பொட்டாசியம் இருப்பதும், சிறுநீரகம் கெட்ட ஒருவருக்கு அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதும் 2000இல் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரியாவில் 2005இல் கல்லீரல் பாதிப்பும் நோனியோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. ஐரோப்பிய அதிகாரிகள் அதைப் பின்பு ஏற்கவில்லை. எனவே பாட்டிலை ஒளித்துவைத்துக் குடிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. டாக்டரும் முகம் சுளிக்காமல், அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினோடு பொட்டாசியத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் போதும்.