சொட்டுச் சொட்டாகத் தோற்பவர்கள்

ஸ்லாட் மெஷின் ஆடுகிறவர்களுக்கென்று ஒரு வகை வழிகாட்டிக் கட்டுரை உண்டு. உங்கள் ஆட்டப் பாணி என்ன, அதற்குப் பொருத்தமான வாலட்டிலிட்டி என்ன என்று சொல்லித்தரும் வகை. நீங்கள் பொறுமைசாலியா? வாலட்டிலிட்டி குறைந்த மெஷினில் உட்காருங்கள். ரிஸ்க் எடுப்பவரா? கூடினதில் உட்காருங்கள். இரண்டும் கெட்டானா? அதற்கும் நடுத்தரமாக ஒன்று இருக்கிறது. வாரப் பத்திரிகை ராசிபலனேதான். என்ன, கடகம் சிம்மத்துக்குப் பதிலாக மூன்றே ராசி.

இதற்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். இந்தக் கட்டுரைகள் சூதாடியை ஒரு கதாபாத்திரமாக எழுதுகின்றன. அவனுக்கு ஒரு குணம், ஒரு பாணி, ஒரு விதி. இந்தக் கதாபாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். நாவலிலிருந்து வந்தது என்பது என் ஊகம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வாலட்டிலிட்டி என்றால் ஒரு மெஷின் தன் பணத்தை எவ்வளவு சீராகத் தருகிறது அல்லது எவ்வளவு அபூர்வமாக, பெரிதாகத் தருகிறது என்பது. மொத்தத்தில் எவ்வளவு தருகிறது என்பது வேறு விஷயம். இரண்டு மெஷின்களைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் ஒரு சுற்றுக்கு 1 டாலர். இரண்டுமே நீண்ட கால சராசரியில், போட்ட பணத்தில் 95 சதவீதத்தைத் திருப்பித் தருபவை. முதலாவது, சராசரியாக நாலு சுற்றுக்கு ஒருமுறை 3 டாலர் 80 சென்ட் தரும். இரண்டாவது, 2000 சுற்றுக்கு ஒருமுறை 1900 டாலர் தரும். மற்ற நேரமெல்லாம் பட்டை நாமம்.

ஒருவர் ஒரு மணி நேரத்தில் 600 சுற்று ஆடுகிறார் என்று வையுங்கள். முதல் மெஷினில் 100 பேர் ஆடினால், மூன்றில் இரண்டு பேர் 10 டாலர் லாபத்துக்கும் 70 டாலர் நஷ்டத்துக்கும் நடுவில் எங்கோ எழுந்து போவார்கள். இரண்டாவதில் ஏறக்குறைய 74 பேர் 600 டாலரையும் தொலைப்பார்கள். மீதி 26 பேர் குறைந்தது 1300 டாலர் லாபத்தோடு வீட்டுக்குப் போய்க் கதை சொல்வார்கள். இரண்டு கூட்டமும் உள்ளே போட்டது தலா 60,000 டாலர். காசினோ சராசரியாக எடுத்துக்கொண்டது இரண்டிலுமே 3000 டாலர்.

வழிகாட்டிகள் சொல்வது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கையில் 100 டாலர்தான் இருக்கிறது என்றால், இரண்டாவது மெஷினில் 100 சுற்று, பத்தே நிமிஷம். 100 பேரில் 95 பேர் வெறுங்கையோடு எழுந்துவிடுவார்கள். முதலாவதில் அதே பணம் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அந்த 100 டாலர் உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி போய், மொத்தம் 2000 டாலர் பந்தயமாக மாறியிருக்கும். அதில் 5 சதவீதம் போனால் சரியாக 100. பொறுமைசாலியும் அவசரக்காரனும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். ஆட்டப் பாணி என்று நமக்கு விற்கப்படுவது, எந்த வேகத்தில் தோற்க விருப்பம் என்ற ஒரு கேள்விதான்.

இந்தப் பாணி என்ற நம்பிக்கை பழையது. 1863-இல் தஸ்தயேவ்ஸ்கி ஒரு கடிதத்தில், ரூலெட்டின் ரகசியம் தனக்குத் தெரியும் என்று எழுதுகிறார். பதற்றப்படாமல் எந்நேரமும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஆடினால் போதுமாம். அடுத்த எட்டு வருஷம் அந்த ரகசியம் அவரை என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்த கதை. 1866 அக்டோபரில், பதிப்பாளரின் கெடு நெருங்கிய அவசரத்தில், 26 நாட்களில் அன்னாவுக்கு வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த 'சூதாடி' நாவலை நான் இந்தக் கணக்கோடு சேர்த்துத் திரும்பப் படித்தேன்.

அதில் வரும் பாட்டியை மறக்க முடியாது. சக்கர நாற்காலியில் வந்து இறங்கி, பூஜ்ஜியத்தின்மேல் பிடிவாதமாகக் காசு வைக்கிறாள். ஜெயிக்கிறாள். பிறகு அத்தனையும் தோற்கிறாள். ஒற்றைப் பூஜ்ஜியச் சக்கரத்தில் மொத்தம் 37 குழிகள். பூஜ்ஜியத்தில் வைத்தால் 37-இல் ஒரு வாய்ப்பு, ஒன்றுக்கு 35 கிடைக்கும். சிவப்பில் வைத்தால் 37-இல் 18 வாய்ப்பு, ஒன்றுக்கு ஒன்று. சாதாரண விதிப்படி இரண்டிலும் மேசை எடுப்பது அதே 37-இல் ஒரு பங்கு, அதாவது 2.7 சதவீதம். பாட்டி எதில் வைத்தாலும் மேசைக்குக் கவலை இல்லை. நாவலாசிரியருக்குத்தான் கவலை. பாட்டி சிவப்பிலேயே சிறுசிறு காசாக மூன்று வாரம் வைத்து மெல்ல மெல்ல இளைத்திருந்தால் தஸ்தயேவ்ஸ்கிக்கு நாவல் கிடைத்திருக்காது.

என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. சூதைப் பற்றிய நம் பெரும் படைப்புகள் எல்லாமே வாலட்டிலிட்டி கூடியவை. தருமன் நாட்டை வைக்கிறான், தம்பிகளை வைக்கிறான், தன்னை வைக்கிறான், பாஞ்சாலியை வைக்கிறான். நளன் சூதில் அரசை இழக்கிறான். பாரதி 'பாஞ்சாலி சபத'த்துக்கு எடுத்துக்கொண்டதும் இந்தச் சபையைத்தான். பெரிய பந்தயம், பெரிய வீழ்ச்சி, அதைப் பார்க்க ஒரு சபை. காவியத்துக்கு இது வேணும், சரி. ஆனால் இதையே படித்துப் படித்து, சூதாடி என்றால் விதியோடு மல்லுக்கு நிற்கிற ஒருவன் என்று நமக்குப் பழகிவிட்டது. வழிகாட்டிக் கட்டுரை அந்தப் பழக்கத்தில்தான் பிழைக்கிறது. மெஷின் முன்னால் உட்காருகிறவரை அது 'பாணி' உள்ள ஒரு சின்னத் தருமனாக ஆக்கிவிடுகிறது.

நிஜத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதற்கு நான் படித்தவற்றில் சிறந்த பதில், மானுடவியலாளர் நடாஷா டௌ ஷூல் 2012-இல் வெளியிட்ட 'அடிக்‌ஷன் பை டிசைன்'. லாஸ் வேகஸில் நடந்த நீண்ட களஆய்வு. சுற்றுலா வந்தவர்களை விட்டுவிட்டு, அந்த ஊரிலேயே வாழ்ந்து, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் மெஷினில் உட்காருகிறவர்களோடு பேசுகிறார். மோலி என்ற புனைபெயரில் வரும் ஒரு பெண் சொல்வதன் சாரம் இது: ஜெயிக்க ஆடவில்லை, தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்கத்தான் ஆடுகிறேன். வேறெதுவும் உறைக்காத அந்த நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜோன்'. பெரிய பரிசு விழுந்தால்கூட சிலருக்கு எரிச்சல், ஆட்டம் தடைப்படுகிறதே என்று. தருமனிடம் இதைச் சொன்னால் புரிந்திருக்காது.

மெஷின் செய்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கிறது. ஆடுபவர் மெஷின் முன்னால் கழிக்கும் நேரம்தான் அவர்களுடைய அளவுகோல். 1984-இல் இங்கே டெல்னாஸ் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு, சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை உள்ளே ஓடும் எண்கள் தீர்மானிக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் சக்கரம் வெறும் அலங்காரம். அப்புறம் பல வரிசை மெஷின்கள் வந்தன. 1 டாலர் போட்டு 30 சென்ட் திரும்பி வந்தாலும் மணி அடிக்கும், விளக்கு எரியும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதை அளந்து பார்த்தார்கள். வெற்றி வேஷம் போட்ட இந்தத் தோல்விக்கும் உண்மையான வெற்றிக்கும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கிளர்ச்சி அடைகிறது. ஷூலின் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'சந்தைக்குப் பொருத்துதல்'. வழிகாட்டி உன் பாணிக்கு ஏற்ற மெஷினைத் தேடச் சொல்கிறது. மெஷின் உன்னை ஏற்கெனவே தேடி, அளவெடுத்து, தைத்து முடித்தாயிற்று.

ஷூல் மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. கோட்பாட்டுச் சொற்கள் வந்து குவிகிற பக்கங்களில் மோலி காணாமல் போகிறார். அவர் எழுந்து வீட்டுக்குப் போன பிறகு அன்று ராத்திரி என்ன ஆனது என்று கேட்கத் தோன்றுகிறது. அது மானுடவியலின் வேலை இல்லை என்றால் புனைவின் வேலை. ஆனால் புனைவு இன்னும் சபையை விட்டு இறங்கி வரவில்லை. ஒன்றுமே நடக்காத மூன்று மணி நேரத்தை, 2000 பந்தயங்களில் கரைந்த 100 டாலரை எழுத ஒரு மொழி வேண்டும். திருப்பம் இருக்காது, உச்சக்கட்டம் இருக்காது, சாட்சிக்கு ஆள் இருக்காது. கஷ்டம்தான். ஆனால் செல்போனில் நாம் பொழுதைக் கரைக்கிற விதம் தருமனைவிட மோலிக்குத்தானே நெருக்கம்?

இந்த மௌனமான தோல்வியைக் கூர்மையாக வாசித்தவர்கள் என்று நான் நினைப்பது, வேடிக்கையாக, சில விதிகளை எழுதிய அதிகாரிகளை. பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்று 2.5 விநாடிக்குக் குறையக் கூடாது. தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும் வசதி கூடாது. போட்டதைவிட அதிகமாகத் திரும்பி வராவிட்டால், வெற்றி என்று கொண்டாடும் சத்தமும் படமும் கூடாது. இதில் சூதாடியின் குணத்தைப் பற்றியோ பாணியைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. வேகத்தைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் மட்டும்தான் பேசுகிறார்கள். நம் கதைக்காரர்களும் கொஞ்ச காலம் அங்கிருந்து பார்க்கலாம்.