பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு சப்வூஃபர்

வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்களை மேம்படுத்த நினைப்பவர் முதலில் குறைப்படுவது பேஸைப் பற்றித்தான். இருக்கிற ஜோடியோடு ஒரு சப்வூஃபரைச் சேர்த்துவிட்டால் குறை தீரும் என்று கடைக்காரர் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். நம்பிக்கையில் பாதி சரி. சிறிய ஸ்பீக்கரால் முடியாத வேலையை சப்வூஃபர் உண்மையாகவே செய்கிறது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட வேலையைப் பழைய ஸ்பீக்கர் கைவிட வேண்டும், வந்து சேரும் பேஸுக்கு அறையும் இடம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்காமல் வெறுமனே ஒரு பெட்டியைக் கூட்டிக்கொள்ளும் பழக்கம், செலவழித்த பணத்தின் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்பதே என் கணிப்பு.

சப்வூஃபருக்கு ஆதரவான வாதம் வலுவானது. ஸ்பீக்கரின் கூம்பு ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டுமானால், சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும்போதெல்லாம் அது நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 40-இல் 4 மில்லிமீட்டர் தேவை, 20-இல் 16. அலமாரியில் வைக்கிற ஸ்பீக்கரின் ஐந்து அங்குலக் கூம்புக்கு அவ்வளவு நீளமான பாய்ச்சல் கிடையாது. அதே கூம்புதான் பாடகரின் குரலையும் சுமக்கிறது. பேஸுக்காக அது முன்னும் பின்னும் தத்தளிக்கும்போது குரலும் சேர்ந்து கலங்குகிறது. பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த மின்சக்தியில் உரக்க ஒலிக்க வேண்டும்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பதை ஹாஃப்மன் விதி என்பார்கள். 1957-இல் கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் வழங்குவது அது. 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்சர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸைப் பெற்றுக் காட்டினார். ஆனால் அதற்கு ஈடாக அவருடைய ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரிடமிருந்து அதிக சக்தியைக் கேட்டது. இன்றைய சப்வூஃபர் தனக்கென ஓர் ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பதும் இந்தக் கணக்கினால்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. டிரான்சிஸ்டரிலும் டேப் ரெக்கார்டரிலும் கேட்டே இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் ஓட்டங்களை மனப்பாடம் செய்த தலைமுறை நம்மிடம் இருக்கிறது, அவர்களுக்கு சப்வூஃபர் தேவைப்படவில்லையே என்பது. உண்மைதான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கையடக்க ரேடியோ அதைத் தொடவே முடியாது. ஆனால் அந்த ஒலியோடு எழும் 82, 123 ஹெர்ட்ஸ் மேலொலிகளைக் கொண்டு காது, வராத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துவிடுகிறது. சுரம் இன்னதென்று தெரிந்துவிடும். அதன் எடை மட்டும் வராது. மெட்டுக்கு எதிர்மெட்டாக நகரும் ஒரு பேஸ் ஓட்டம் மொத்தப் பாட்டையும் தோளில் தாங்கி நிற்பதை உணர, அடிச்சுரமே அறைக்குள் வந்தாக வேண்டும்.

அப்படியானால் பழக்கத்தில் பிழை எங்கே? இணைக்கும் விதத்தில். ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ என்று குறித்தால், வழக்கமாக 80 ஹெர்ட்ஸை ஒட்டி, அதற்குக் கீழானவை சப்வூஃபருக்குப் போய்விடும். டிஎச்எக்ஸ் தரநிர்ணயம் பரப்பிய எண் இது. அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம் என்பதால் அது நியாயமான எல்லை. ‘ஸ்மால்’ என்ற சொல்லைத் தரக்குறைவாக நினைத்து, தம் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்றே விட்டுவைப்பவர்கள் இந்தப் பங்கீட்டைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களின் நிலை இன்னும் மோசம். சப்வூஃபருக்கென ஒரு துளை பின்புறம் இருக்கும், ஆனால் அவற்றில் பல, ஸ்பீக்கருக்குப் போகும் பேஸைத் தடுக்கும் வடிகட்டி இல்லாமலே வருகின்றன. சின்னக் கூம்பு முன்புபோலவே திணறுகிறது. கூடவே, 50-க்கும் 80-க்கும் இடைப்பட்ட சுரங்களை இரண்டு பெட்டிகளும் சேர்ந்து வாசிக்கின்றன. அவற்றின் அலைகள் ஒத்துப்போனால் வீக்கம், எதிர்த்துப்போனால் பள்ளம். சப்வூஃபரின் முதன்மையான நன்மை, அது மற்ற ஸ்பீக்கர்களிடமிருந்து இறக்கிவைக்கும் சுமை. அந்த வடிகட்டி இல்லாத இணைப்பில் மிஞ்சுவது கூடுதல் சத்தம்தான்.

அறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் அறை ஸ்பீக்கர் வழிகாட்டி நூல்கள் கற்பனை செய்யும் அறை அன்று. அமெரிக்க வீட்டின் ஜிப்சம் பலகைச் சுவர் பேஸில் ஒரு பகுதியைத் தானே அதிர்ந்து உறிஞ்சிக்கொள்ளும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கிரானைட் தரையும் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்புகின்றன. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில், சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலியால், 47 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு நிலையலை எழும். அகலமும் உயரமும் சமமாக இருப்பதால் அவற்றின் நிலையலைகள் இரண்டும் 57 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றின்மேல் ஒன்றாக விழும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். மூலையில் வைத்த சப்வூஃபர் இந்த அலைகள் எல்லாவற்றையும் ஒருசேர எழுப்பிவிடும். அதனால் சுவரோரம் இருப்பவருக்கு அந்தச் சுரம் முழங்கும், அகலத்தின் நடுக்கோட்டில் இருப்பவருக்கு மெலியும், 41 ஹெர்ட்ஸ் ‘ஈ’ தந்திக்கோ அறையின் துணை அவ்வளவாகக் கிடைக்காது. ஒரே வாசிப்பின் சுரங்கள் இப்படி ஏற்றத்தாழ்வாக வரும்போது வாசித்தவரையோ பெட்டியையோ குறை சொல்வதில் பொருளில்லை. இதே அறையில் விலை கூடிய சப்வூஃபரை வைத்தாலும் அதே இடத்தில் அதே முழக்கம்தான்.

இவ்வளவு சிக்கலுக்குப் பதில் நெடிய தரை ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிடலாமே என்பது தூய ஸ்டீரியோ விரும்பிகளின் வாதம். இணைப்புத் தொல்லை அதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரல் நடுவிலும் வயலின் ஓரத்திலும் சரியாக நிற்பதற்கு ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டுமோ, அந்த இடம் பேஸுக்கும் நல்ல இடமாக அமைவது தற்செயல்தான். தனிப்பெட்டியை நகர்த்தலாம். சுவரின் நடுப்புள்ளியில் வைத்தால் அந்தச் சுவரின் நீளத்தை ஒட்டிய முதல் நிலையலை கிளம்புவதே இல்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப்வூஃபர்கள் வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது வெகுவாகக் குறைகிறது என்று ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் காட்டினார். பெரிய ஒன்றைவிடச் சிறிய இரண்டை நான் பரிந்துரைப்பதும் இதனால்தான். கணினித் திருத்தம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பவர்களுக்கும் இதே பதில்: முழங்கும் சுரத்தை அது அடக்கும், ஆனால் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் நிரம்பாது. பெட்டியைச் சற்று நகர்த்தினால் நிரம்பக்கூடும்.

கர்நாடக இசையை மட்டும் கேட்கும் வீட்டுக்கு என் தீர்ப்பு வேறு. ஒரு கட்டை ஸ்ருதிக்குச் சேர்த்த தம்புராவின் மந்தர ஷட்ஜம்கூட 65 ஹெர்ட்ஸ்தான். ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலின் ஷட்ஜம் 196-ஐ ஒட்டியது. மிருதங்கத்தின் தொப்பி தரும் கும்காரத்தையும் ஆறரை அங்குலக் கூம்புள்ள நல்ல ஸ்பீக்கர் ஓரளவு மரியாதையாகவே கொடுத்துவிடும். அங்கே பணம் போக வேண்டியது குரலின் பகுதியைச் சுத்தமாகத் தரும் ஸ்பீக்கருக்கு. திரையிசையும் ஜாஸும் பியானோவும் கேட்பவருக்குத்தான் சப்வூஃபர் கணக்கில் வருகிறது.

தீராத குறை ஒன்றும் இருக்கிறது. மெல்லக் கேட்கும்போது காது பேஸைத்தான் முதலில் இழக்கிறது என்பது ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து சொன்ன உண்மை. ஆகவே இரவில் சத்தத்தைக் குறைத்தவர் சப்வூஃபரின் திருகை ஏற்றுகிறார். சுவரோ உயர்ந்த சுரங்களைத் தடுப்பதுபோல் தாழ்ந்தவற்றைத் தடுப்பதில்லை. பாடல் வரி ஒன்றுகூடப் போகாத பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு அந்த அதிர்வு போகிறது. பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர் தரை வழியாகப் போவதைக் குறைக்கலாம், காற்றில் போவதை நிறுத்தாது. அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குமேல் கேட்பதே வழக்கமென்றால், அந்தப் பணத்தை ஒரு நல்ல ஹெட்ஃபோனுக்குச் செலவிடச் சொல்வேன்.