குளிராத தோல்

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. கம்பம் நட்டு ஏழாம் நாள் ராத்திரி. ராசிபுரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வளவு. அங்கிருந்து பார்த்தால் கோயில் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பறை அடித்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்த வருசம் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பறை கேட்டது. ஆள் உயரப் பெட்டிகள் இரண்டு பக்கமும் நிற்க, ஜெனரேட்டர் ஓட, ஆர்க்கெஸ்ட்ராவில் வந்த பையன் ஒருத்தன் பேடில் தட்ட, சாமிச்சாட்டு அடி நாலு ஊருக்குக் கேட்டது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அடி தப்பில்ல கண்ணு. காலமும் பிசகல. ஆனா ஒரு மணி நேரமா அடிக்கிறான், தோலு குளிரவே இல்லியே."

தமிழ் எம்.ஏ. படித்த நான் அதுவரை படித்த இசை விமர்சனங்களில் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அதைப் பின்தொடர்ந்து போகிற முயற்சி.

1

எந்திரம் வந்து இசையைக் கொன்றுவிட்டது என்று புலம்புகிற நண்பர்கள் நமக்கு நிறைய. ஸ்டுடியோவில் ஒட்டுப்போட்ட சத்தம் பொய், ஆள் நேரில் நின்று வாசிப்பதே உயிருள்ள இசை என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நமக்கு அந்த 'நேரில் நிற்பது' எப்படி இருந்தது என்பதை மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

எழவு விழுந்தால் ஊரிலிருந்து ஆள் வரும். காய்ச்சலில் கிடந்தாலும் அப்பா எழுந்து போகவேண்டும். பிணம் எடுக்கும்வரை வாசலுக்கு வெளியே நின்று அடிக்கவேண்டும். கூலி என்று பேச முடியாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், அதையும் துண்டை ஏந்தி. 'வரமாட்டேன்' என்ற சொல் அந்த வாழ்க்கையில் கிடையாது. சபாவில் பாடுகிறவருக்கு நேரடி நிகழ்ச்சி என்பது புகழ். எங்களுக்கு அது ஏவல்.

அதனால்தான் நம் இயக்கங்களின் வரலாற்றில் பறையை அடித்த கதைக்குச் சமமாகப் பறையை மறுத்த கதையும் இருக்கிறது. 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டின் கறியைக் கைவிடச் சொன்னார் அம்பேத்கர். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை நடத்தினார். பறையைக் கீழே போட்டவர்கள் இசையை வெறுத்தவர்களா? கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதைத்தான் அவர்கள் வெறுத்தார்கள்.

வகுப்பில் பேராசிரியர் தொல்காப்பியம் நடத்துவார். தெய்வம், உணவு, மரம், புள் என்ற கருப்பொருள் வரிசையில் பறையும் வரும். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதே வாரம் ஊரில் அப்பா ஒரு எழவு வீட்டு வாசலில் நின்றிருப்பார். ஏட்டில் இருந்த பறைக்கும் வாசலில் இருந்த பறைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

2

இனி அந்தப் பெட்டி. பறை அடிக்கத் தெரிந்த ஒருத்தரைக் கூடத்துக்கு அழைத்து, ஒவ்வொரு அடியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அடிக்குச்சி விழுகிற சத்தம் தனி, சுண்டுக்குச்சியின் சத்தம் தனி. பதிந்த துண்டுகள் எந்திரத்தில் கிடக்கும். பிறகு யார் பேடைத் தட்டினாலும் அந்தத் துண்டு ஒலிக்கும். மின்னிசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மிடி என்ற ஏற்பாடு 1983இல் வந்தது. 1985இல் ரோலண்ட் நிறுவனம் எட்டுப் பட்டை கொண்ட ஆக்டாபேடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் பேடுக்குச் சொந்தச் சத்தமே கிடையாது, வேறொரு பெட்டியில் கிடப்பதைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். 1976இல் 'அன்னக்கிளி' வந்த காலத்தில் வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தார்கள். ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு சேர்ந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தை 1989இல் அமைத்தார். 1992இல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே ஒரு பாட்டை முடித்துவிடலாம் என்பது சாதாரணமாகிப் போனது.

அப்பா சொன்ன குளிர்ச்சி என்னவென்று வாசிக்கிற தோழர்களுக்குச் சொல்லவேண்டும். பறை மாட்டுத்தோல். புளியங்கொட்டைப் பசை போட்டு மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டியது. தீயில் காய்ச்சினால் விறைத்து 'கணீர்' என்று பேசும். அடிக்க அடிக்க, பனி இறங்க இறங்க, தொய்ந்துபோகும், சத்தம் அமுங்கும். அப்போது அடியை நிறுத்தி, வைக்கோலைக் கொளுத்தி மறுபடி காய்ச்சவேண்டும். அந்தப் பத்து நிமிசம்தான் பறையடிக்கிறவனுக்கு ஓய்வு. டீத்தண்ணி வாங்கிக்கொடு என்று கேட்பதும், பேசின காசில் பாதியை இப்பவே கொடு என்று வாய் திறப்பதும் அந்தத் தீயைச் சுற்றித்தான். ஊர் காத்திருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் தோல் குளிர்ந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்த ஒரே பேரம் அந்தத் தோல் கொடுத்தது.

பெட்டியில் தோல் குளிராது. தீ வேண்டாம், டீ வேண்டாம், பேரம் வேண்டாம். எங்கள் அடி வேண்டும், அடிக்கிற ஆள் வேண்டாம். இதற்குத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேரியில் விளைந்ததை வாங்கிக்கொண்டு சேரிக்காரனைத் தள்ளி நிற்கச் சொல்வதற்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

3

உடம்பிலிருந்து சத்தத்தைப் பிரிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிய வித்தை இல்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கே தயாரானதுதான். பேசும்படம் வந்த புதிதில் நடித்தவரே பாடவேண்டும். 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு தமிழில் பின்னணிக் குரல் வந்தது. வாய் ஒருத்தருக்கு, குரல் ஒருத்தருக்கு. அப்போதும் இது பொய் என்றவர்கள் இருந்திருப்பார்கள். நாளடைவில் பின்னணி பாடியவருக்குப் பெயர் வந்தது, பணம் வந்தது, விருதும் வந்தது. யாரும் இன்று அந்தக் குரலைப் பொய் என்பதில்லை.

பறையடித்தவருக்கு அது நடந்ததா? சட்டத்தையே பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை தந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையையும் சேர்த்தது. ஆனால் அதே திருத்தத்தில், திரைப்படத்தில் போகிறபோக்கில் நிகழ்த்தி, பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாத ஒருவர், தன் நிகழ்ச்சியைச் சிதைப்பதற்கு எதிரான உரிமை ஒன்றைத் தவிர, நிகழ்த்துபவராகவே கருதப்படமாட்டார் என்று இருக்கிறது. பெயர் போடாததால் உரிமை இல்லை, உரிமை இல்லாததால் பெயர் போடத் தேவையில்லை. ஊர் வழக்கம் சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது போல எனக்குப் படுகிறது.

4

இப்படிச் சொல்வதால் 'அசல்' கேட்கிறவர்களோடு நான் சேர்ந்துவிட்டதாக நினைக்கவேண்டாம்.

என் சித்தப்பா மகன் எட்டுப் பேரைச் சேர்த்துக் குழு நடத்துகிறான். அவர்கள் பறைகளில் பாதி ஃபைபர். மழையில் நனையாது, காய்ச்சவேண்டாம். தலைநகரில் ஒரு கலைவிழாவுக்குப் போனபோது, நடத்தியவர்களில் ஒருவர் பறையைத் தட்டிப் பார்த்து, "ஒரிஜினல் தோல் இல்லையா? மண்வாசனை போயிடுச்சே" என்றாராம். இவன், "வாசனை வேணும்னா வாங்க சார், தோலு உரிக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருக்கிறான். அடுத்த வருசம் அழைப்பு இல்லை.

தோல் உரித்து, ஊறவைத்து, மயிர் சுரண்டிய கைகளுக்கு ஃபைபர் ஒரு விடுதலை. அதை 'கலப்படம்' என்று சொல்ல, அந்த நாற்றத்தை மூக்கில் ஏற்றாதவர்களுக்கு என்ன உரிமை? இன்னொரு கூட்டம் பறையைத் 'தமிழரின் தூய ஆதி இசை' என்கிறது. எங்கள் பக்கத்தில் பறையடிக்கிற அருந்ததியரில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தூய்மை பேசுகிறவர்கள் இந்தக் கைகளை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

பறை ஒருநாளும் தூய்மையாக இருந்ததில்லை. அடிகளின் பெயர்களைக் கேளுங்கள்: ஒத்தையடி, சப்பரத்தடி, மாரடிப்பு அடி, சினிமா அடி. ஆம், சினிமா அடி. கொட்டகையில் கேட்டதைப் பிடித்துத் தோலில் ஏற்றி அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஸ்டுடியோ எங்களிடம் எடுப்பதற்கு முன்பே நாங்கள் அதனிடம் எடுத்திருக்கிறோம். பதிவு செய்த குரல் என்பதாலேயே அது பொய்யாகவும் ஆகிவிடாது. இன்குலாபின் 'மனுசங்கடா'வை கே.ஏ. குணசேகரன் பாடிய ஒலிநாடா, அவர் கால் படாத சேரிகளுக்கும் போனது. பாடியவர் யாரென்று கேட்டவர்களுக்குத் தெரியும். யாரைப் பற்றிய பாட்டு என்பதும் தெரியும்.

2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பறையையும் சட்டிமேளத்தையும் மின்கிதாரோடு சேர்த்தது. ஒலிபெருக்கி, மிக்சர் எல்லாம் இருந்தது. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள், மரபு அனுமதிக்காததைச் செய்தார்கள். வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவர்களில் எவரையும் 'பழைய மாதிரி இல்லை' என்று தள்ள முடியுமா? அடிக்கிற ஆள் முன்னால் நிற்கிறார், பெயரோடு நிற்கிறார், வேண்டாமென்றால் வராமலிருக்க அவரால் முடியும்.

விமர்சகர்கள் தோலா ஃபைபரா, நேரடியா பதிவா என்று கேட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு இந்த மூன்றையும் கேட்கட்டும்: அடித்தவர் பெயர் எங்கே? கூலியை யார் பேசினார்? மறுக்க முடிந்ததா? நேரில் நின்று அடித்தாலும் மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த இசை பொய். பெட்டியில் வந்தாலும் பதில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

5

மறுவருச நோம்பிக்கு ஊரிலிருந்து ஆள் வந்தது. பேடுக்கு ஆட்டம் பிடிபடவில்லையாம், கம்பத்தைச் சுற்றுகிறவர்களின் காலைப் பார்த்து அடிக்கப் பெட்டிக்குத் தெரியவில்லையாம். சித்தப்பா மகன் கூலியைச் சொன்னான், பாதி முன்பணம் என்றான். சரியென்றார்கள். பிறகு, "நோம்பி நோட்டீசுல நன்கொடை கொடுத்தவங்க பேரெல்லாம் போடுறீங்க. எங்க எட்டுப் பேரு பேரையும் போடுங்க" என்றான். வந்தவர் சிரித்தார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்.

நோட்டீஸ் வந்தது. 'பறை வாத்தியம்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எட்டு வீட்டுக்கும் அது பெரிய காசு. வளவிலேயே சிலர் திட்டினார்கள், பேரு சோறு போடுமா என்று. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி பெட்டி அடித்தது. அப்பா திண்ணையிலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "காலு தடுமாறுவாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தடுமாறட்டும்" என்றார்.