காரைக்கால் அம்மையாருக்கு அனோரெக்ஸியாவா?

ருடால்ஃப் பெல்லின் ‘ஹோலி அனோரெக்ஸியா’ (1985) இத்தாலியப் பெண் துறவிகளின் உண்ணாநோன்பை அனோரெக்ஸியாவோடு ஒப்பிடுகிறது. அந்த அளவுகோலை அம்மையாருக்கும் நீட்டலாமா? கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இதே யோசனை. எனக்கு ஒட்டவில்லை.

2013-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், அனோரெக்ஸியா உள்ள பெண்கள் தோளைவிட 40% அகலமான வாசலிலேயே உடம்பைத் திருப்பி நுழைந்தார்கள், மற்றவர்கள் 25%-ல்தான். மூளை வைத்திருக்கும் உடல் வரைபடமே பெரிசு. எங்க பாஷையில் சொன்னா, அப்டேட் ஆகாத கேஷ்.

அம்மையாரோ வற்றிய உடம்பை வற்றியதாகவே பார்த்துப் பாடினார். சிதம்பரத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரிய புராணத்திலும் அவர் உதறியது அழகைத்தான், சோற்றை அல்ல.

உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம், “கண்ணாடியில பாரும்மா, எலும்பா இருக்கே” என்று நானே சொல்லியிருக்கேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது வேற.